‘எனக்கு வேற மாதிரி தோணுதுங்க’: ஆய்வுக் குழுக்களில் கருத்துப் பன்மை, ஓர் எளிய அறிமுகம்

கொங்கு நாட்டு வரலாறு பேசுவதற்காக நாங்கள் சிலர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். கல்லூரி ஆசிரியர்கள், முதுகலை மாணவர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், நடுகல் தேடிக் காடு மேடெல்லாம் அலைகிறவர்கள், இரண்டு மூன்று விவசாயிகள் என்று கலவையான கூட்டம். ஒரு நாள் மாலை ஒரு மாணவி இப்படிக் கேட்டார்: “சங்க இலக்கியத்தில் வரும் சேரர் தலைநகரான வஞ்சி நம் கரூர்தான் என்று சொல்கிறோம். அது கேரளக் கடற்கரையில் இருந்தது என்பவர்கள் என்ன ஆதாரம் காட்டுகிறார்கள் என்று ஒருமுறை பார்க்கலாமா?”

ஐந்து நிமிடத்தில் ஒரு பெரியவரிடமிருந்து பதில் வந்தது. “ஏன் அம்மிணி, நம்மூரத் தூக்கி அவங்களுக்குக் குடுத்தர்லாங்கறயா?” அதன் கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசை கட்டின. மாணவி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தன் கேள்வியை அழித்துவிட்டார். அப்புறம் மூன்று மாதம் அவர் குழுவில் எதுவும் எழுதவில்லை.

அன்று நானும் எதுவும் எழுதவில்லை. கேள்வி நியாயமானது என்று தெரிந்தும், பெரியவர் முகம் கோணுமே என்று போனைக் கீழே வைத்துவிட்டேன். அந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது. ஆய்வு பேசும் குழுக்களில் புதிதாகச் சேருகிறவர்களுக்காக இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். திறந்த தன்மை என்றால், யாரும் உள்ளே வரலாம், எதையும் கேட்கலாம், சான்றுகளை எல்லோரும் பார்க்கும்படி நடுவில் வைக்கலாம் என்பது. கருத்துப் பன்மை என்றால், ஒரே கேள்விக்குக் காரணத்தோடு கூடிய ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பது. இரண்டும் ஒன்றல்ல. ஐந்நூறு பேர் இருக்கும் குழுவில் வாசல் அகலமாகத் திறந்திருக்கும். உள்ளே போனால் ஒரே கருத்துதான் இருக்கும். எட்டே பேர் உட்கார்ந்து பேசும் சின்ன அறையில் நான்கு கருத்துகள் மோதிக்கொண்டிருக்கும். எங்கள் குழு அன்று முதல் வகை. சேருவதற்குத் தடையில்லை, மாறுபடுவதற்குத்தான் இடமில்லை.

கருத்துப் பன்மை என்றதும் ‘எல்லாரும் சொல்வது சரி’ என்று எடுத்துக்கொள்ளும் தவறு ஒன்று உண்டு. வஞ்சி என்ற ஊர் எங்கே இருந்ததோ அங்கேதான் இருந்தது. நம் ஓட்டெடுப்பால் அது இடம் மாறாது. அது எந்த இடம் என்று இன்றைக்கு நம் யாருக்கும் முழுதாகத் தெரியாது, ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு சான்றுதான் இருக்கிறது. அதனால்தான் பல கருத்துகள் வேண்டியிருக்கின்றன.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் ‘எழுவகை மதம்’ என்று ஒன்றைச் சொல்கிறது. இங்கே மதம் என்றால் சமயம் அல்ல, கொள்கை, கருத்து. பிறர் கருத்துக்கு முன்னால் ஒரு நூலாசிரியர் எப்படியெல்லாம் நிற்கலாம் என்பதற்கு ஏழு வழிகள்:

“எழுவகை மதமே உடன்படல் மறுத்தல்
பிறர்தம் மதமேற் கொண்டு களைவே
தாஅன் நாட்டித் தனாது நிறுப்பே
இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே
பிறர்நூற் குற்றம் காட்டல் ஏனைப்
பிறிதொடு படாஅன் தன்மதம் கொளலே”

ஒத்துக்கொள்வது, மறுப்பது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு அதைக் களைவது, தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எதனோடும் சேராமல் தன் கருத்தில் நிற்பது. பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது எனக்கு வெறும் பட்டியலாகத்தான் தெரிந்தது. இப்போது படித்தால் ஒவ்வொரு சொல்லும் கணக்குப் பார்த்து வைத்ததாகத் தெரிகிறது. ஏழில் வெறுமனே தலையாட்டுவது ஒன்றே ஒன்றுதான். ஆறாவதைக் கவனியுங்கள்: ‘பிறர் நூற்குற்றம்’ என்கிறார், ‘பிறர் குற்றம்’ என்று சொல்லவில்லை. குறை எழுத்தில் பார்க்கப்படுகிறது, எழுதியவரின் ஊரிலோ வயதிலோ அல்ல.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, செய்வதற்கும் கடினமானது. பிறர் கருத்தை மேற்கொண்டு களைவது என்றால், எதிராளியின் வாதத்தை அவரே எடுத்துச் சொல்வது போல, அவர் கேட்டால் ‘ஆமாங்க, நான் சொன்னது இதேதான்’ என்று ஒத்துக்கொள்ளும்படி, முதலில் நாமே சொல்லிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் மறுப்பு. இதைச் செய்து பார்த்தால் பாதி நேரம் மறுப்பே தேவைப்படாது. மீதி நேரம் மறுப்புக் கூர்மையாகிவிடும்.

பவணந்தியாரை நாம் கொங்கு நாட்டவர் என்று சொல்லிக்கொள்கிறோம், பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் அவர் ஊர் என்று. பாயிரம் ‘சனகை’ என்று மட்டும் சொல்கிறது. அந்தச் சனகை எது என்பதிலேயே வேறு கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நம் குழுவில் இடம் வேண்டும்.

அதே நன்னூல் படிப்பைக் கணக்குப் போட்டும் காட்டுகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொண்டாலும் அது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போது மீதி அரை. அப்படியென்றால் பேசாமல் இருக்கும் மாணவருக்கு முக்கால் பங்கு கிடைக்காமல் போகிறது. அன்று எங்கள் குழுவில் அந்தப் பெண்ணுக்கு நாங்கள் அடைத்தது இந்த முக்கால் பங்கைத்தான்.

சரி, வஞ்சிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கருத்துப் பன்மை ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் கிடைக்காது.

கரூர்க்காரர்கள் கையில் இருப்பவை வலுவான சான்றுகள். கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில், தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ் பிராமியில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர் பெயர் அங்கே வருகிறது. யாற்றூர்ச் செங்காயபன் என்ற சமணத் துறவிக்குக் கல் வெட்டிக் கொடுத்த செய்தி. கரூரில் அமராவதி ஆற்று மணலில் சேரர் பெயர் பொறித்த காசுகள் கிடைத்திருக்கின்றன. 2ஆம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்கர் எழுதிய புவியியலில், உள்நாட்டில் இருக்கும் ‘கரௌரா’ சேர மன்னரின் இருப்பிடம் என்று வருகிறது.

மேற்குக் கடற்கரை என்பவர்களிடமும் சான்று இருக்கிறது. சேரரின் பெரிய துறைமுகமான முசிறி பெரியாற்றின் முகத்துவாரப் பக்கம். கொடுங்கல்லூரில் திருவஞ்சைக்களம் என்ற பெயர் இன்றும் நிற்கிறது. அருகில் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய வணிகத்தைக் காட்டும் ஆம்போரா சாடித் துண்டுகள் நிறையக் கிடைத்தன. புறநானூறு வஞ்சியைப் பொருநை ஆற்றோடு சேர்த்துப் பாடுகிறது. அந்தப் பொருநை அமராவதிதான் என்று நாம் சொல்கிறோம். பெரியாறு என்று அவர்கள் சொல்கிறார்கள். இது போதாதென்று, 1904இல் வி. கனகசபை மூன்றாவதாக ஓர் இடத்தைச் சொன்னார்: கோதமங்கலத்துக்கு அருகில் உள்ள திருக்கரூர். இன்னும் சிலர், சேரரில் இரண்டு கிளைகள் இருந்தன, இரும்பொறைக் கிளை கரூரிலும் மற்றது கடற்கரைப் பக்கமும் ஆண்டது என்கிறார்கள்.

என் சாய்வு கரூர் பக்கம்தான், மறைக்கவில்லை. புகளூர்க் கல்வெட்டு அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பொருநை என்றால் எந்த ஆறு என்ற கேள்வியை நான் முதன்முதலில் உட்கார்ந்து யோசித்தது, எதிர்த் தரப்பின் வாதத்தைப் படித்த பிறகுதான். கரூரில் பிறந்து வளர்ந்தவருக்குப் பொருநை அமராவதி என்பது காற்றைப் போல. அதை ஒரு ‘வாதம்’ என்று பார்க்கவே தோன்றாது. ஒரே ஊர், ஒரே ஆசை உள்ளவர்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்தில் மறைக்கும். கொடுங்கல்லூர்க்காரருக்கும் இது பொருந்தும். அவர் கண்ணில் புகளூர் மலை படாது. இரண்டு பேரும் ஒரே குழுவில் இருந்தால்தான் இரண்டு மறைப்பும் விலகும்.

மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலை பல சமயக் கணக்கர்களின் வாதங்களை ஒவ்வொன்றாகக் கேட்பது வஞ்சி நகரில்தான். வேதவாதி, சைவவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர் என்று ஒருவர் விடாமல் போய்க் கேட்கிறாள். அதே காப்பியத்தில் புகார் நகர இந்திர விழா அறிவிப்பில் பட்டிமண்டபத்துக்கு ஒரு விதி வருகிறது: “பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்.” பகைவர்களோடு வாதிட்டாலும் கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்பது அதன் பொருள். இன்றைய குழு அட்மின்கள் எழுதும் நீளமான விதிமுறைகளை விட இந்த இரண்டு அடி தெளிவாக இருக்கிறது.

அன்று கைதட்டிய எல்லோரும் உண்மையில் அந்தக் கேள்வி தவறு என்று நினைத்தார்களா? எனக்குச் சந்தேகம். 1951இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் உள்ள மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பது. சின்னக் குழந்தைக்கும் தெரியக்கூடிய விடை. அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். குறிப்பிட்ட முறைகளில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். அந்த முறைகளில், உண்மையான பங்கேற்பாளர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே வந்தது. தனியாகக் கேட்டால் கிட்டத்தட்ட யாருமே தவறு செய்யாத கேள்வி அது.

இந்தச் சோதனையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான விடையைச் சொல்லும்படி ஏற்பாடு செய்தபோது, கூட்டத்தோடு ஒத்துப்போவது சடாரென்று இறங்கி இருபதில் ஒன்று அளவுக்கு வந்துவிட்டது. பத்துப் பேர் துணை வேண்டியதில்லை. ஒருவர் போதும். அன்று மாலை நான் “இந்தக் கேள்வியைப் பார்க்கலாங்க ஐயா” என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த ஒருவராக இருந்திருப்பேன்.

நம் பக்கத்துப் பேச்சில் இதற்கு ஒரு சிக்கலும் இருக்கிறது, ஒரு வசதியும் இருக்கிறது. பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், அது சிக்கல். வசதி என்னவென்றால் நம்முடைய ‘ங்க’. “நீங்க சொல்றது புரியுதுங்க, ஆனா இந்தக் கல்வெட்டுக்கு என்ன சொல்றதுங்க?” என்று கேட்டால், மரியாதை ஆளுக்குப் போகிறது, மறுப்பு கூற்றுக்குப் போகிறது. இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதில்லை. வேறு பல ஊர்க்காரர்கள் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியதை நாம் தாய்ப்பாலோடு குடித்திருக்கிறோம்.

அறிஞர்கள் இப்படி மாறுபட்ட நல்ல உதாரணம் ஒன்று பழனிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொருந்தல் என்ற ஊரில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில், ஓர் ஈமக்குழியில் நெல் நிறைந்த சாடியும், ‘வயிர’ என்று தமிழ் பிராமியில் எழுதிய பிரிமனையும் (பானையைத் தாங்கும் வளையம்) கிடைத்தன. நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று வந்தது. இது பெரிய செய்தி. ஏனென்றால் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன், அசோகர் காலத்துக்குப் (கி.மு. 3ஆம் நூற்றாண்டு) பிறகே அந்த எழுத்து தமிழ்நாட்டுக்கு வந்தது என்று கருதியவர். ஒரே ஒரு காலக்கணிப்பை வைத்து முடிவு கட்ட முடியாது, வேறு இடங்களிலிருந்தும் இப்படிக் கிடைக்கட்டும் என்பது அவர் நிலை. ராஜன் தன் கருத்தில் நின்றார். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலின் மாதிரிகளும் சோதிக்கப்பட்டன. சில அசோகருக்கு முந்தைய காலத்தைக் காட்டின. 2019இல் வெளியான கீழடி அறிக்கை இன்னும் பின்னால், கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குப் போனது. அப்போதும் கேள்வி தீரவில்லை: சோதித்த கரித்துண்டும் எழுத்துள்ள ஓடும் உண்மையிலேயே ஒரே காலத்தவையா என்று இன்னும் கேட்கிறார்கள்.

இதில் யாரும் யாரையும் தமிழ்ப் பகைவர் என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. ‘இன்ன மாதிரிச் சான்று வந்தால் ஏற்பேன்’ என்று ஒருவர் முன்கூட்டியே சொல்வது எவ்வளவு பெரிய உதவி! எதிர்த் தரப்புக்கு அடுத்து எங்கே தோண்ட வேண்டும் என்று அது காட்டிவிடுகிறது. மகாதேவனே தன் பழைய வாசிப்புகளைத் திருத்திக்கொண்டவர். 1960களில் தொகுத்த கல்வெட்டுகளை 1990களில் மறுபடி குகை குகையாகப் போய்ப் பார்த்து, 2003இல் புதிய பதிப்பாகக் கொண்டுவந்தார்.

இன்னொன்று, ஆய்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது. என் மைத்துனருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. 2016இல் இந்தியாவில் முதன்முதலாக ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ கண்டறியப்பட்டது அந்த வட்டாரத்தில்தான். மட்டையெல்லாம் பிசுபிசுப்பு, அதன் மேல் கரும்பூசணம். பூச்சி ஆராய்ச்சியாளர்கள் ரசாயன மருந்து அடிக்காதீர்கள், அடித்தால் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் செத்துவிடும் என்றார்கள். தோப்புக்காரர்கள், “கண்ணு முன்னால மட்டை கருகுது, சும்மா பாத்துட்டு இருக்கறதுங்களா?” என்றார்கள். இரண்டுமே உண்மையிலிருந்து வந்த பேச்சு. ஒருவருக்குப் பூச்சியின் வாழ்க்கை தெரியும். இன்னொருவருக்கு எந்த மாதத்தில் கூடுகிறது, எந்த மழைக்குக் குறைகிறது, பக்கத்துத் தோப்பில் மருந்தடித்த பின் என்ன ஆனது என்று தெரியும். விவசாயியை ‘கேட்டுக்கொள்ள’ மட்டும் சேர்த்த குழுவில் இரண்டாவது அறிவு உள்ளே வரவே வராது. கருத்துப் பன்மைக்குப் பட்டம் பெற்றவர்களின் கருத்து மட்டும் போதாது என்பது இதில் நான் கற்றது.

எல்லாவற்றுக்கும் இடம் கொடுப்பதா என்றால், இல்லை. எங்கள் பக்கம் எந்தக் கூட்டத்துக்கு (குலத்துக்கு) எந்தக் கோயில் காணி (பரம்பரை உரிமை) என்ற பேச்சு வந்தால் சூடு ஏறிவிடும். பட்டயம் என்ன சொல்கிறது, எழுத்தமைதி எந்தக் காலத்தது என்று பேசுவது கருத்து. ‘உங்க கூட்டமே வந்தேறி’ என்பது கருத்தல்ல. அதை நீக்கலாம், நீக்க வேண்டும். ஆனால் நீக்கும்போது அட்மின் ஒரு வரியில் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் மறையும் ஒவ்வொரு பதிவும், பார்த்துக்கொண்டிருக்கும் பத்துப் பேரின் வாயை அடைக்கும். ஒரே ஃபார்வர்டு செய்தியைத் தினமும் போடுவதும் அப்படித்தான். அது சத்தம், வாதம் அல்ல.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது சில சின்ன வழக்கங்கள்தான். உங்கள் கூற்று சான்றா, ஊகமா, கேள்விப்பட்டதா என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். “ஊகம்தானுங்க” என்று ஒரு சொல் போட்டால் போதும், கேட்பவர் தோள் தளரும். பாட்டைக் காட்டினால் பாட்டு எண் கொடுங்கள், கல்வெட்டுப் படம் போட்டால் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். கோபம் வந்தால் பதிலை இரவு எழுதி காலையில் அனுப்புங்கள். குழுவை நடத்துகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: “எல்லாருக்கும் சரிதானுங்களே?” என்று முடிக்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். “இதுக்கு எதிரா யார்கிட்டயாவது சான்று இருக்குதுங்களா?” என்று கேளுங்கள். அப்போது மாறுபடுவது எதிர்ப்பாக இல்லாமல், கேட்டதற்குச் சொன்ன பதிலாக ஆகிவிடுகிறது.

மூன்று மாதம் கழித்து நான் அந்த மாணவியிடம் பேசினேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் அழித்த கேள்வியை, அவர் அனுமதியோடு, நானே குழுவில் மறுபடி போட்டேன். கொடுங்கல்லூர் தரப்பின் வாதத்தை என்னால் முடிந்த அளவு வலுவாக எழுதி, கீழே அந்த எதிர்ச் சான்றுக் கேள்வியையும் சேர்த்தேன். முதல் நாள் அமைதி. இரண்டாம் நாள் ஒருவர் பட்டணம் அகழாய்வைப் பற்றி எழுதினார். மூன்றாம் நாள் மாணவி பொருநை வரும் புறநானூற்றுப் பாட்டுகளைப் பாட்டு எண்ணோடு தொகுத்துப் போட்டு, பெரியாறாகவும் இருக்கலாம் என்பதற்குக் காரணம் சொன்னார்.

அதற்கு அந்தப் பெரியவரே பதில் எழுதினார். “சரி அம்மிணி, பெரியாறுதான் பொருநைன்னா, புகளூர் மலைல மூணு தலைமுறைச் சேரன் பேரு எதுக்கு இருக்குது? நீ சொல்லு பார்க்கலாம்.”

“எழுதிட்டிருக்கறனுங்க ஐயா,” என்று வந்தது பதில், “ரெண்டு நாள் டைம் குடுங்க.”